கொலராடோவில் 35 ஏக்கர்: கனிம உரிமை அமெரிக்க அரசிடம் இருக்கிறதாம், வாங்கலாமா?

மேட்டுநிலம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொலராடோவில் லாஸ் ஆனிமாஸ் கவுன்ட்டியில், டிரினிடாட்டுக்குக் கிழக்கே 35 ஏக்கர் மேய்ச்சல் நிலம் ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். ஓய்வுக்காலத்துக்கு ஒரு சின்ன வீடு, நாலு ஆடு, அவ்வளவுதான் திட்டம். டைட்டில் கம்பெனி (நில உரிமையைச் சரிபார்த்து இன்ஷூரன்ஸ் தரும் நிறுவனம்) முன்கூட்டி அனுப்பும் கமிட்மென்ட் என்ற தாளில் ஷெட்யூல் பி என்ற பகுதியில் ஒரு வரி இடிக்கிறது: அமெரிக்க அரசின் பேட்டன்ட் பத்திரத்தில் சொன்னபடி நிலக்கரியும் மற்ற எல்லாக் கனிமங்களும் அரசுக்கே ஒதுக்கப்பட்டவை, அவற்றைத் தேடவும் தோண்டவும் எடுத்துப் போகவும் அரசுக்கு உரிமை உண்டு. இந்த விஷயத்துக்கு மட்டும் இன்ஷூரன்ஸ் கிடையாதாம்.

ஏஜென்டைக் கேட்டால் "இந்தப் பக்கம் பாதி நிலம் அப்படித்தான், யாரும் வர மாட்டார்கள்" என்று சிரிக்கிறார். என் மனைவியோ, நாளைக்கு வாசலில் துளை போடும் ரிக் வந்து நின்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்கிறாள். கவுன்ட்டி அசெஸர் தளத்தில் தேடினால் வரி, பரப்பு, பழைய விலை எல்லாம் வருகிறது, ஆனால் மண்ணுக்குக் கீழே இருப்பது யாருடையது என்று ஒரு வார்த்தை இல்லை. இதையெல்லாம் எங்கே பார்ப்பது? யாராவது குத்தகைக்கு எடுத்திருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா? வக்கீலிடம் போவதற்கு முன்னால் நாமே எவ்வளவு தூரம் பார்க்க முடியும்?

செக்ஷன்36 எழுதியது:

நான் வயோமிங்கிலும் கொலராடோவிலும் எண்ணெய்க் கம்பெனிகளுக்காக லேண்ட்மேன் வேலை பார்த்தவன், அதாவது எந்த மண்ணுக்குக் கீழே யாருக்கு என்ன உரிமை என்று பழைய தாள்களைப் புரட்டிக் கண்டுபிடிக்கிற வேலை. அசெஸர் தளத்தை மூடிவிடுங்கள். அது வரி வசூலுக்கான பட்டியல், உரிமைக்கான ஆதாரம் இல்லை.

நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது பேட்டன்ட், அதாவது அரசாங்கம் அந்த நிலத்தை முதன்முதலாகத் தனியாருக்கு எழுதிக் கொடுத்த பத்திரம். அதற்கு முன்னால் அது அரசு நிலம், அதற்குப் பின்னால் நடந்த கைமாற்றம் எல்லாம் கவுன்ட்டி கிளர்க் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். பேட்டன்ட்களை வைத்திருப்பது பிஎல்எம், உள்துறையின் கீழ் வரும் நில நிர்வாக அலுவலகம். 1812-ல் தொடங்கிய ஜெனரல் லேண்ட் ஆபிஸையும் (ஜிஎல்ஓ) மேய்ச்சல் நிலத் துறையையும் 1946-ல் சேர்த்து உண்டாக்கியதுதான் இந்த பிஎல்எம். அவர்களுடைய ஜிஎல்ஓ ரெக்கார்ட்ஸ் தளத்தில் 1788-லிருந்து வழங்கிய 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பத்திரங்களின் படங்கள் இருக்கின்றன. காசு கேட்பதில்லை, கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

தேடும்போது பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். 100 வருடத்துக்கு முன் யார் வாங்கினார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நிலத்தின் விவரணையைப் போடுங்கள். உங்கள் கமிட்மென்ட்டிலேயே டவுன்ஷிப், ரேஞ்ச், செக்ஷன், பிரின்சிபல் மெரிடியன் (அளவைக்கு அடிப்படையான வடக்கு-தெற்குக் கோடு) நான்கும் இருக்கும். 1785 சட்டத்தின்படி நாட்டின் பெரும்பகுதியை 6 மைலுக்கு 6 மைல் சதுரங்களாக அளந்தார்கள். ஒரு சதுரம் ஒரு டவுன்ஷிப், அதில் 36 செக்ஷன், ஒரு செக்ஷன் 640 ஏக்கர். உங்கள் 35 ஏக்கர் ஏதோ ஒரு செக்ஷனுக்குள் வெட்டிய துண்டுதான். கொலராடோவில் ஒன்றுக்கு மேற்பட்ட மெரிடியன் உண்டு, அதனால் எண்கள் மட்டும் பொருந்தினால் போதாது, மெரிடியனும் பொருந்த வேண்டும். உங்கள் பக்கம் 6-வது மெரிடியன்.

செக்ஷன் எண்ணையும் கவனியுங்கள். 16-ம் 36-ம் பள்ளிக்கூடங்களுக்காக மாநிலத்துக்குக் கொடுக்கப்பட்டவை, அப்படியென்றால் நீங்கள் போக வேண்டிய இடம் மாநில நில வாரியம். வயோமிங் தெற்கில் ஒன்று விட்டு ஒரு செக்ஷன் ரயில்வேக்குப் போயிருக்கும், 1862 சட்டத்தின் கைங்கரியம். உங்கள் பக்கத்திலேயே மெக்சிகோ காலத்து மானிய நிலங்களும் உண்டு. மாக்ஸ்வெல் மானியம் நியூ மெக்சிகோவிலும் கொலராடோவிலுமாகப் 17 லட்சம் ஏக்கர், உச்ச நீதிமன்றம் 1887-ல்தான் அந்த வழக்கை முடித்தது. அந்த எல்லைக்குள் விழுந்தால் ஹோம்ஸ்டெட், அதாவது குடியேறுபவருக்கு அரசு நிலம் கொடுத்த கதையே பொருந்தாது.

பேட்டன்ட் கிடைத்ததும் எந்தச் சட்டத்தின் கீழ் கொடுத்தார்கள் என்று பாருங்கள். மொத்த விஷயமும் அதில்தான் இருக்கிறது. 1862 ஹோம்ஸ்டெட் சட்டத்தில் 160 ஏக்கர் வாங்கியவருக்குப் பெரும்பாலும் மேலும் கீழும் சேர்த்தே கிடைத்தது. 1909, 1910 சட்டங்களின் கீழ் என்றால் அரசு நிலக்கரியை மட்டும் வைத்துக்கொண்டது. 1914 சட்டம் என்றால் எண்ணெய், எரிவாயு, பாஸ்பேட், பொட்டாஷ் மாதிரி சில. 1916 டிசம்பர் 29 சட்டம், ஆடுமாடு வளர்ப்பவர்களுக்காக 640 ஏக்கர் வரை கொடுத்தது, அதில் எல்லாக் கனிமமும் அரசுக்கு. நீங்கள் எழுதிய வாசகத்தைப் பார்த்தால் எனக்கு இந்தக் கடைசிச் சட்டம்தான் தோன்றுகிறது, ஆனால் படத்தைத் திறந்து நீங்களே வாசியுங்கள். தளத்தில் கனிம ஒதுக்கீடு உண்டா இல்லையா என்று ஒரு தனி வரி காட்டும், அதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள்.

ஹூஸ்டன்வாசி எழுதியது:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் டெக்சஸில் இருக்கிறேன், அந்தத் தளத்தில் என் கவுன்ட்டியைத் தேடினால் ஒன்றுமே வரவில்லையே, ஏன்?

செக்ஷன்36 எழுதியது:

வராது. டெக்சஸ் 1845-ல் அமெரிக்காவோடு சேர்ந்தபோது தன் பொது நிலத்தைத் தானே வைத்துக்கொண்டது, அதனால் அங்கே மத்திய அரசின் பேட்டன்ட் என்று ஒன்று கிடையாது. ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் ஜெனரல் லேண்ட் ஆபிஸ்தான் உங்களுக்கு. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆதி 13 காலனிகள், கென்டக்கி, டென்னசி, மெய்ன், வெர்மான்ட், மேற்கு வர்ஜீனியா, ஹவாய் இவையும் இப்படித்தான், அந்தந்த மாநிலத்திடம் போக வேண்டும்.

டெக்சஸில் ஒரு விசித்திரமும் உண்டு. 1895-லிருந்து 1931 வரை கனிம நிலம் என்று வகைப்படுத்தி மாநிலம் விற்ற இடங்களில் கனிமம் மாநிலத்துடையது, ஆனால் 1919-ல் வந்த சட்டத்தால் மேலே இருப்பவரே மாநிலத்தின் ஏஜென்ட்டாக நின்று எண்ணெய்க் குத்தகை கொடுக்கிறார், போனஸிலும் (குத்தகை எழுதும்போது தரும் தொகை) ராயல்டியிலும் (உற்பத்தியில் தரும் பங்கு) பாதி அவருக்கு. கொலராடோக்காரர் இதைப் படித்து ஆசைப்பட வேண்டாம், மத்திய அரசின் கனிமத்தில் மேலே இருப்பவருக்கு ஒரு சென்ட் ராயல்டி கிடையாது.

கொல்லிமலையான் எழுதியது:

என் கருத்து நேரானது, வாங்காதீர்கள். காசு கொடுப்பது நீங்கள், வரி கட்டுவது நீங்கள், கீழே இருப்பது இன்னொருவருக்கு. சட்டப்படி கனிம உரிமைக்காரனுக்குத்தான் முன்னுரிமை, கனிமத்தை எடுக்கத் தேவையான அளவு மேற்பரப்பைப் பயன்படுத்த அவனுக்கு உரிமை உண்டு. மேலும் கீழும் சேர்த்து விற்கிற நிலம் எங்கேயாவது கிடைக்கும், அதைப் பாருங்கள்.

செக்ஷன்36 எழுதியது:

அப்படிப் பார்த்தால் மேற்கு மாநிலங்களில் வீடே கட்ட முடியாது. தனியார் மேற்பரப்பும் அரசுக் கனிமமுமாகப் பிரிந்து கிடக்கிற நிலம் 5 கோடியே 70 லட்சம் ஏக்கர் அளவுக்கு இருக்கிறது. அதில் பெரும்பாலான இடத்தில் மாடுதான் மேய்கிறது. அப்புறம், பேட்டன்ட்டில் ஒதுக்கீடு இல்லை என்றால் மட்டும் கனிமம் உங்களுக்கு வந்துவிடுமா? நடுவில் 1940-களிலோ 50-களிலோ விற்ற ஒரு தாத்தா "பாதிக் கனிமம் எனக்கு" என்று பத்திரத்தில் எழுதி வைத்துக்கொண்டு போயிருப்பார், இன்றைக்கு அது பல மாநிலங்களில் சிதறிக் கிடக்கும் பேரப்பிள்ளைகளிடம் இருக்கும். அப்படிப்பட்ட நிலத்தில் யாரிடம் பேசுவது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. என்னைக் கேட்டால் அரசு என்ற ஒரே உரிமையாளர், எழுதி வைத்த விதிமுறை, தேடினால் கிடைக்கிற ஆவணம் இதெல்லாம் இருப்பது தேவலை. கனிமம் பிரிந்திருக்கிறது என்பதற்காகப் பயப்படுவதைவிட, யாரிடம் இருக்கிறது, இப்போது குத்தகையில் இருக்கிறதா, அந்த இடத்தில் எடுப்பதற்கு ஏதாவது இருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள்.

மேட்டுநிலம் எழுதியது:

கிடைத்துவிட்டது! 1923-ல் கொடுத்த பேட்டன்ட், 640 ஏக்கர், நீங்கள் சொன்ன அதே 1916 டிசம்பர் 29 சட்டம். படத்தில் கடைசிப் பத்தியில் நிலக்கரியும் மற்ற எல்லாக் கனிமங்களும் என்று தெளிவாக இருக்கிறது. ஜனாதிபதி கையெழுத்துகூட இருக்கிறது, மனைவி பிரின்ட் எடுத்து மாட்டலாம் என்கிறாள்.

இரண்டு கேள்வி. குத்தகை இருக்கிறதா என்று எங்கே பார்ப்பது? நிலத்தின் ஒரு மூலையில் நல்ல சரளைக்கல் மேடு இருக்கிறது, வண்டிப் பாதை போட அதையே அள்ளிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தோம். மீதியைப் பக்கத்து நிலத்துக்காரர் விலைக்குக் கேட்கிறார். சரளைக்கல் கனிமத்தில் சேராதுதானே?

செக்ஷன்36 எழுதியது:

சேரும்! நல்லவேளை கேட்டீர்கள்.

இது உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம். வயோமிங்கில் வெஸ்டர்ன் நியூக்ளியர் என்ற யுரேனியம் கம்பெனி, ஜெஃப்ரி சிட்டியில் தன் தொழிலாளர்கள் இருந்த பகுதியில் தெருவும் நடைபாதையும் போடுவதற்காகத் தானே வாங்கிய நிலத்திலிருந்து சரளை எடுத்தது. அந்த நிலத்துக்கு 1926-ல் பேட்டன்ட் கொடுத்திருந்தார்கள், உங்களுடைய அதே சட்டம். பிஎல்எம் வந்து, இது அரசின் கனிமம், அத்துமீறி எடுத்திருக்கிறீர்கள் என்று 13,000 டாலர் இழப்பீடு கேட்டது. 1983-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேய்ச்சலுக்கும் பயிருக்கும்தான் மேற்பரப்பைக் கொடுத்தோம், தோண்டி எடுத்து வியாபார உபயோகத்துக்குக் கொண்டுபோகிற பொருள் அரசிடமே இருக்கிறது என்பதுதான் அதன் சாரம்.

ஆனால் இதையே எல்லா இடத்துக்கும் நீட்டிவிட முடியாது. நெவாடாவுக்கென்று 1919-ல் வந்த பிட்மன் சட்டத்தில் "மதிப்புள்ள கனிமங்கள்" என்று எழுதியிருந்தார்கள். அங்கே மணலும் சரளையும் அதில் சேராது என்று அதே உச்ச நீதிமன்றம் 2004-ல் பெட்ராக் வழக்கில் சொல்லிவிட்டது. அதே மாதிரி, 1909, 1910 சட்டங்களின் கீழ் நிலக்கரியை அரசு வைத்துக்கொண்ட இடங்களில், அந்தக் கரிக்குள் இருக்கும் மீத்தேன் வாயு யாருக்கு என்று ஒரு வழக்கு. 1999-ல் வந்த தீர்ப்பு, கரி வேறு, வாயு வேறு, ஒதுக்கியது கரியை மட்டும்தான் என்றது. டிரினிடாட்டுக்கு மேற்கே ரேட்டன் படுகையில் அந்த வாயுவைத்தான் எடுக்கிறார்கள். சட்டத்தின் தேதியும் வாசகமும் கொஞ்சம் மாறினால் மொத்த உரிமையும் மாறும். அதனால்தான் பேட்டன்ட்டை முழுக்க வாசியுங்கள் என்று சொன்னேன்.

உங்கள் பாதைக்கு வருவோம். நிலத்தின் எல்லைக்குள்ளேயே சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ள பிஎல்எம் விதிகளில் இடம் இருக்கிறது. விற்பது, வெளியே கொண்டு போவது, அது கூடவே கூடாது. பக்கத்து நிலத்துக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். பாதைக்கு எடுப்பதற்கும் முன்னால் உங்கள் பகுதி ஃபீல்டு ஆபிஸில் ஒரு வார்த்தை கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

குத்தகைக்கு எம்எல்ஆர்எஸ் என்று பிஎல்எம்மின் இன்னொரு தளம் இருக்கிறது, முன்பு எல்ஆர்2000 என்று இருந்ததை மாற்றிக் கொண்டுவந்தது. அதில் உங்கள் டவுன்ஷிப், ரேஞ்ச், செக்ஷன் போட்டால் அந்த இடத்தைத் தொடுகிற எண்ணெய் எரிவாயுக் குத்தகை, நிலக்கரிக் குத்தகை, மைனிங் கிளெய்ம் (கனிமம் கண்டுபிடித்தவர் கோரும் உரிமை), ரோடு அல்லது குழாய்க்குக் கொடுத்த வழியுரிமை எல்லாம் எண்ணோடு வரும். ஒவ்வொன்றுக்கும் சீரியல் ரிஜிஸ்டர் பக்கம் என்று ஒரு தாள் உண்டு. யாருக்குக் கொடுத்தது, எந்தத் தேதி, எத்தனை ஏக்கர், இப்போது உயிரோடு இருக்கிறதா மூடியாகிவிட்டதா என்று வரிசையாக எழுதியிருக்கும். பழைய மூடிய குத்தகைகள் நிறைய வரும், பதற வேண்டாம். 10 வருடம்தான் எண்ணெய்க் குத்தகையின் முதல் காலம், உற்பத்தி வராவிட்டால் அதோடு முடிந்துபோகும். ஆனால் ஒரு செக்ஷனில் ஐந்தாறு குத்தகை வந்து வந்து போயிருந்தால், கீழே ஏதோ இருக்கிறது என்று பல பேர் நினைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு மூடிய குத்தகைகளைப் பார்ப்பதில்தான் ருசி அதிகம்.

மாஸ்டர் டைட்டில் பிளாட் என்ற படத்தையும் பாருங்கள். ஒரு டவுன்ஷிப்புக்கு ஒரு தாள். எந்தத் துண்டு எந்த பேட்டன்ட் எண்ணில் போனது, எதை ஒதுக்கி வைத்தார்கள், எது இன்னும் அரசிடம் என்று எல்லாம் குட்டி எழுத்தில் கிறுக்கியிருக்கும். முதலில் தலை சுற்றும், பழகினால் இதைவிட வேகமான வழி இல்லை. கூடவே ஹிஸ்டாரிகல் இண்டெக்ஸ் என்று அதே விவரம் தேதி வரிசையில் இருக்கும்.

கொல்லிமலையான் எழுதியது:

சரி, குத்தகை இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நாளைக்கு யாராவது தங்கம் தேடி வந்து முளையடித்தால்? 1872 சட்டம் இன்னும் உயிரோடுதானே இருக்கிறது?

செக்ஷன்36 எழுதியது:

இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் பாருங்கள். எண்ணெய், எரிவாயு, நிலக்கரி, பாஸ்பேட் மாதிரியானவை 1920-லிருந்து குத்தகைக்குத்தான் கொடுக்கப்படும். தங்கம், வெள்ளி, செம்பு மாதிரியானவை 1872 சட்டப்படி கண்டுபிடித்தவர் முளையடித்து உரிமை கோருவது. 1976-க்கு முன் அந்தக் கிளெய்ம்களைக் கவுன்ட்டியில் மட்டும் பதிந்தால் போதும், எத்தனை இருக்கிறது என்று மத்திய அரசுக்கே தெரியாது. 1976 சட்டம் பிஎல்எம்மிலும் பதிய வேண்டும் என்றது. அதனால்தான் இன்று எம்எல்ஆர்எஸ்ஸில் தேட முடிகிறது.

1916 சட்டத்தில் வந்த நிலத்துக்கு 1993-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு பாதுகாப்புச் சேர்த்தது. தேடுவதற்கு முன்பே பிஎல்எம்மிலும் நிலத்துக்காரரிடமும் அறிவிப்புக் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், திடீரென்று வந்து முளையடிக்க முடியாது. எண்ணெய்க் கம்பெனி என்றால் முதலில் உங்களோடு மேற்பரப்பு ஒப்பந்தம் பேசிப் பார்க்க வேண்டும். ஒத்துவராவிட்டால் சேதத்துக்கு ஈடாக பாண்டு (பிணைத்தொகை) கட்டிவிட்டு வரலாம். ஆக, நீங்கள் சொன்ன முன்னுரிமை உண்மைதான், தடுக்க முடியாது, பேரம் பேசலாம்.

பழையதாள் எழுதியது:

கனிமம் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் பழைய தாள் என்றால் சும்மா இருக்க முடியாது. மேட்டுநிலம், அந்தக் கையெழுத்தை மாட்டுவதாக இருந்தால் மாட்டுங்கள், ஆனால் அது ஜனாதிபதி போட்டது இல்லை. பேட்டன்ட்கள் குவிந்து போய்க் கையெழுத்துப் போட்டு மாளாமல், 1833-லேயே அதற்கென்று ஒரு செயலரை வைத்துக்கொள்ள சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். பெயர் ஜனாதிபதியுடையது, கை குமாஸ்தாவுடையது.

பேட்டன்ட் ஒரே ஒரு தாள். அதன் பின்னால் ஒரு கோப்பு இருக்கும், லேண்ட் என்ட்ரி கேஸ் ஃபைல் என்பார்கள், அது தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது, கட்டணம் கட்டி நகல் கேட்கலாம். குடியேறியவர் என்ன வீடு கட்டினார், எத்தனை ஏக்கர் வேலி போட்டார், சாட்சி சொன்ன அண்டைவீட்டுக்காரர்கள் யார், வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் குடியுரிமைத் தாள் உட்பட எல்லாம் இருக்கும். கிணறு எங்கே வெட்டினார் என்று சில கோப்புகளில் எழுதியிருப்பார்கள், உங்களுக்கு அது உதவலாம். இடையில் கைவிட்டுப் போனவர்களின் விண்ணப்பங்கள் ஜிஎல்ஓ தளத்தின் பேட்டன்ட் தேடலில் வராது. அதற்கு டிராக்ட் புக் என்ற, நிலத் துண்டு வாரியான பதிவேட்டைப் பார்க்க வேண்டும்.

ஒன்று சொல்லத் தோன்றுகிறது. ஹோம்ஸ்டெட் கேட்க அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குடிமகன் ஆகப் போகிறேன் என்று அறிவித்திருக்க வேண்டும். 1923-ல், உங்கள் பேட்டன்ட் கொடுத்த அதே வருடம், இந்தியர்களுக்குக் குடியுரிமை கிடையாது என்று தின்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1946 வரை அதுதான் நிலை.

மேட்டுநிலம் எழுதியது:

அது தெரியாமல் இருந்தது, பழையதாள். கோப்புக்கு எழுதிப் போடுகிறேன், கிணறு பற்றி ஏதாவது இருந்தால் பெரிய உதவி.

எம்எல்ஆர்எஸ்ஸில் பார்த்தேன். எங்கள் செக்ஷனில் இரண்டு எண்ணெய் எரிவாயுக் குத்தகை, இரண்டும் மூடியாகிவிட்டது. மைனிங் கிளெய்ம் ஒன்றும் இல்லை. பக்கத்து செக்ஷனில் ஒரு வழியுரிமை, மின்கம்பிக்கு. செக்ஷன்36 அண்ணா, இதை வைத்து விலையைக் குறைத்துக் கேட்கலாமா?

செக்ஷன்36 எழுதியது:

கேட்கலாம், ஆனால் விற்பவர் கேட்கும் விலையிலேயே கனிமம் இல்லை என்ற கழிவு சேர்ந்திருக்கும், அதனால் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம். அதைவிட உருப்படியான வேலை: பிஎல்எம்மின் கொலராடோ மாநில அலுவலகம் எண்ணெய்க் குத்தகை ஏலத்துக்கு எந்தெந்தத் துண்டுகளை வைக்கப் போகிறது என்று முன்கூட்டியே பட்டியல் போடும், எதிர்ப்புத் தெரிவிக்க அவகாசமும் உண்டு. உங்கள் டவுன்ஷிப் அதில் வருகிறதா என்று ஒவ்வொரு ஏலத்துக்கும் பாருங்கள். ராயல்டி விகிதத்தை 2022-ல் 12.5 சதவீதத்திலிருந்து 16.67-க்கு ஏற்றினார்கள், 2025-ல் பழையபடி 12.5-க்கு இறக்கிவிட்டார்கள், ஏலம் கேட்க ஆட்கள் கூடலாம்.

வீட்டை எங்கே கட்டுவது என்று முடிவு செய்யும் முன் அந்த மூடிய குத்தகைகளில் எப்போதாவது துளை போட்டார்களா என்று மாநிலத்தின் எரிசக்தி, கார்பன் மேலாண்மை ஆணையத்தின் (2023 வரை எண்ணெய் எரிவாயு ஆணையம்) வரைபடத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய கிணற்றை மூடியிருந்தால் வரைபடத்தில் புள்ளி இருக்கும், அதன் மேல் அஸ்திவாரம் போட வேண்டாம்.